காதைக் கழுவியபோது கண்ணைப் பார்த்தவர்

தட்டாமாலை சுற்றி விளையாடாத குழந்தை நம் நாட்டில் உண்டோ? கைகளை விரித்து, நின்ற இடத்திலேயே பம்பரம்போல் சுழன்றுவிட்டுத் திடீரென்று நின்றால், வீடும் வாசலும் வேப்பமரமும் சுழலத் தொடங்கும். குழந்தை சிரித்தபடியே மண்ணில் விழும். மாரியம்மன் திருவிழாவில் ராட்டினம் ஏறி இறங்கியவர்களும் இதை அறிவார்கள். ஆனால், நாம் சுற்றாமலே உலகம் சுற்றினால்? படுக்கையில் புரண்ட மாத்திரத்தில் கூரை சுழன்றால்? அப்போது சிரிப்பு வருவதில்லை. நம் பக்கத்தில் அதைக் கிறுகிறுப்பு என்கிறோம். பித்தம் தலைக்கேறிவிட்டது என்பார் ஒருவர். இரத்தம் குறைந்துவிட்டது என்பார் மற்றொருவர். வெறும் வயிற்றோடு இருந்ததால் வந்தது என்பார் மூன்றாமவர். காதைப் பற்றி மட்டும் யாரும் பேசுவதில்லை.

பல வேளைகளில் காதுதான் இதற்குக் காரணம் என்பதையும், அந்தக் காரணத்தை நோயாளியின் கண்ணிலேயே பார்த்துவிடலாம் என்பதையும் மருத்துவ உலகத்துக்குக் காட்டியவர் வியன்னா நகரத்து மருத்துவர் இராபர்ட் பாரானி. 1914ஆம் ஆண்டுக்குரிய மருத்துவ நோபல் பரிசு அவருக்கு வழங்கப்பட்டது. அச்செய்தி வந்து சேர்ந்தபோது அவர் மத்திய ஆசியாவின் பாலைநிலத்து ஊரொன்றில் போர்க்கைதியாக இருந்தார்.

அவர் கண்டதைப் புரிந்துகொள்ள, விலங்கியல் ஆய்வகச் சுவரில் தொங்கும் காதின் படத்தைச் சற்றே நினைவுக்குக் கொண்டு வாருங்கள். உட்செவியில் நத்தை ஓடுபோல் சுருண்டிருக்கும் பகுதி கேட்பதற்கு உரியது. அதை அடுத்து, ஒன்றுக்கொன்று ஏறத்தாழச் செங்குத்தாக மூன்று அரைவட்டக் கால்வாய்கள் இருக்கின்றன. மூன்றிலும் நீர் நிறைந்திருக்கிறது. தலை திரும்பும்போது கால்வாய் உடன் திரும்புகிறது. உள்ளிருக்கும் நீர் சற்றே பின்தங்குகிறது. பேருந்து வெடுக்கென்று புறப்படும்போது நின்றுகொண்டிருக்கும் நாம் பின்னால் சாய்கிறோமே, அதுபோல. பின்தங்கும் நீர், அங்குள்ள மென்மயிர்களை வளைக்கிறது. உடனே மூளைக்குச் செய்தி போகிறது. மூளை, தலை திரும்பியதற்கு எதிர்ப்பக்கமாகக் கண்களைத் திருப்பி, பார்க்கும் பொருள் நழுவாமல் பிடித்துக்கொள்கிறது. நடந்துகொண்டே கடைப் பெயர்ப்பலகையைப் படிக்க முடிவது இந்த ஏற்பாட்டினால்தான். கால்வாய்களுக்கு அருகே இரு சிறு பைகளும் உண்டு. அவற்றில் உள்ள சுண்ணாம்புத் துகள்களுக்குச் செவிக்கற்கள் என்று பெயர். கீழ் எது, மேல் எது என்று நமக்குச் சொல்பவை அவையே.

இவ்வளவும் பாரானி ஒருவரே கண்டதன்று. பாரிசில் ஃப்ளூரான்ஸ் என்னும் அறிஞர் 1820களில் புறாக்களின் அரைவட்டக் கால்வாய்களை அறுத்துப் பார்த்து, அவை நிலை தடுமாறுவதைக் கண்டார். அதே நகரில் செவிடர் ஊமையர் பள்ளியின் மருத்துவராக இருந்த மெனியேர், 1861இல், தலைசுற்றலும் காது இரைச்சலும் கேள்விக் குறைவும் சேர்ந்து வந்தால் கோளாறு காதில் இருக்கக்கூடும் என்று எடுத்துரைத்தார். அதுவரை அத்தகைய நோயாளிகளுக்கு மூளையில் இரத்தம் தேங்கிவிட்டது என்று கருதி இரத்தம் வடித்துக்கொண்டிருந்தார்கள்! பின்னர் 1870களில் மாஹ், பிராயர், கிரம் பிரவுன் ஆகிய மூவரும் கால்வாய் நீரின் அசைவே சுழற்சியுணர்வுக்குக் காரணம் என்று தனித்தனியே சொன்னார்கள். ஆக, கொள்கை இருந்தது. மருத்துவமனைக்கு வந்து நிற்கும் ஒரு நோயாளியின் எந்தக் காது கெட்டிருக்கிறது என்று கண்டுபிடிக்கும் வழிதான் இல்லை.

1876ஆம் ஆண்டு ஏப்ரல் 22ஆம் நாள் வியன்னாவில் ஒரு யூதக் குடும்பத்தில் ஆறு குழந்தைகளுள் மூத்தவராகப் பிறந்தார் பாரானி. தந்தை அங்கேரி நாட்டுப் பூர்வீகம் உடையவர். தாய் பிராகு நகரத்து அறிஞர் ஒருவரின் மகள். சிறுவயதிலேயே பாரானியை எலும்புருக்கி நோய் பற்றியது. உயிர் தப்பினார், ஆனால் ஒரு முழங்கால் வாழ்நாள் முழுதும் மடங்காமல் விறைத்துப் போயிற்று. அந்த நோய்தான் அவரை மருத்துவத்தின் பக்கம் திருப்பியது என்பார்கள். விறைத்த காலுடனேயே டென்னிசு ஆடினார், மலை ஏறினார் என்று படிக்கும்போது அவருடைய மனப்போக்கு ஓரளவு விளங்குகிறது.

1900இல் வியன்னாப் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் பெற்றார். பின்னர் ஜெர்மனியில் பிராங்பர்ட், ஹைடல்பர்க், பிரைபர்க் ஆகிய ஊர்களில் உள்நோய் மருத்துவமும் மனநோய், நரம்பு மருத்துவமும் பயின்றார். 1903இல் வியன்னா திரும்பி, புகழ்பெற்ற காது மருத்துவர் பொலிட்சரின் மருத்துவமனையில் உதவியாளராகச் சேர்ந்தார். நரம்பு நூல் படித்தவர் காதுக் கூடத்துக்கு வந்தது நல்லதாயிற்று. காதை மட்டும் படித்தவராயிருந்தால் காதை மட்டுமே பார்த்திருப்பார்.

அங்கே இளம் மருத்துவர்களுக்கு வாய்த்த வேலை பெருமைக்குரியதன்று: குறும்பி அடைத்த காதுகளையும் சீழ் பிடித்த காதுகளையும் பீற்றுக்குழலால் நீர் பாய்ச்சிக் கழுவுவது. கழுவும்போது பலர் தலை சுற்றுவதாகச் சொன்னார்கள். காதில் குளிர்நீர் பட்டால் தலை சுற்றும் என்பதை வேறு சிலரும் முன்பே கண்டதுண்டு. அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டவர் இல்லை. பாரானி அவர்களுடைய கண்களைப் பார்த்தார். கருவிழிகள் ஒரு பக்கமாக மெல்ல நழுவி, வெடுக்கென்று திரும்பி, மறுபடி நழுவி, மறுபடி வெடுக்கென்று திரும்பிக்கொண்டிருந்தன. இதை விழிநடுக்கம் என்கிறோம். ஒவ்வொரு நோயாளிக்கும் அது எத்திசையில் அடிக்கிறது என்று குறித்து வைக்கத் தொடங்கினார். ஏன் என்று அப்போது அவருக்கும் தெரியாது.

ஒரு நாள் ஒரு நோயாளி, தண்ணீர் போதிய சூடாக இல்லாவிட்டால்தான் தமக்குத் தலை சுற்றுகிறது என்றும், வீட்டில் தாமே வெதுவெதுப்பான நீரில் கழுவிக்கொண்டால் ஒன்றும் செய்வதில்லை என்றும் சொன்னார். வேறொரு மருத்துவராயிருந்தால் நோயாளியின் பேச்சு என்று விட்டிருப்பார். பாரானியோ செவிலியை அழைத்து இன்னும் சூடான நீர் கொண்டுவரச் சொன்னார். அதைப் பாய்ச்சியதும் நோயாளி, இது அளவுக்கு மீறிச் சுடுகிறது, இப்போதும் தலை சுற்றுகிறது என்று முறையிட்டார். பாரானி கண்களைப் பார்த்தார். விழிகள் நடுங்கின, ஆனால் முன்பு குளிர்ந்த நீருக்கு அடித்த திசைக்கு நேர் எதிர்த்திசையில்! குளிர்நீருக்கு ஒரு திசை, சுடுநீருக்கு மறுதிசை. உடல் வெப்பத்தோடு ஒத்த நீருக்கோ ஒன்றும் இல்லை.

இதன் காரணம் அவருக்கு எங்கிருந்து கிடைத்தது தெரியுமா? குளியலறையிலிருந்து. சிறுவயதில் வெந்நீர்க் கொதிகலனைத் தொட்டுப் பார்த்து அவர் வியந்ததுண்டு: தீ எரிவது அடியில், சுடுவதோ மேலே. நம் வீடுகளில் விறகடுப்பின்மேல் வெந்நீர் அண்டா வைத்தவர்களுக்கு இது புதிதன்று. கலக்காமல் மேலாக மொண்டால் கை பொறுக்காது. அடியில் வெதுவெதுப்பாகவே இருக்கும். சூடேறிய நீர் எடை குறைந்து மேலெழுகிறது. குளிர்ந்த நீர் கீழிறங்குகிறது. காதுக்குழாயில் பாய்ச்சிய நீரின் வெப்பமோ குளிர்ச்சியோ எலும்பின் வழியே அரைவட்டக் கால்வாயின் ஓரத்தை எட்டுகிறது. அங்குள்ள நீர் மேலெழுகிறது அல்லது கீழிறங்குகிறது. தலை அசையாமலிருந்தும் தலை சுழல்வதாக மூளை ஏமாறுகிறது. இந்த எண்ணம் சரியானால், தலையை நேர் தலைகீழாகச் சாய்த்தவுடன் விழிநடுக்கத்தின் திசையும் மாற வேண்டும் அல்லவா? பாரானி சோதித்துப் பார்த்தார். மாறியது.

நோயாளியை மல்லாக்கப் படுக்கவைத்து ஒரு காதில் குளிர்நீர் விட்டால் விழியின் விரைந்த அசைவு மறுகாதின் பக்கம் அடிக்கும். சுடுநீர் விட்டால் அதே காதின் பக்கம் அடிக்கும். எந்தக் காதில் நீர் விட்டும் விழி அசையவில்லையோ, அந்தக் காதின் சமநிலை உறுப்பு செயலிழந்திருக்கிறது. இவ்வளவுதான் சோதனை. இரண்டு காதுகளையும் தனித்தனியே கேள்வி கேட்கும் வழி முதன்முதலாக மருத்துவருக்குக் கிடைத்தது. இன்றும் உலகெங்கும் காது மருத்துவமனைகளில் இது நடக்கிறது. 1942இல் இங்கிலாந்தில் இதற்கு 30 பாகை, 44 பாகை என்று நீரின் வெப்பத்தை வரையறுத்தார்கள். இரண்டும் உடல் வெப்பமாகிய 37 பாகைக்கு 7 பாகை இப்பாலும் அப்பாலும் இருப்பதைக் கவனியுங்கள்.

இது வெறும் ஆராய்ச்சி இன்பத்துக்காகச் செய்ததன்று. நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகள் இல்லாத காலம் அது. காதில் பிடித்த சீழ் உட்செவிக்குள் இறங்கும், அங்கிருந்து சிறுமூளைக்குப் போய்க் கட்டியாகும், நோயாளி இறப்பார். இரண்டு நிலையிலும் தலை சுற்றும், வாந்தி வரும், நடை தள்ளாடும். அறுவை மருத்துவர் எந்த இடத்தைத் திறப்பது? இடம் தவறினால் உயிர் போகும். இதற்காகப் பாரானி இன்னொரு சோதனையும் வகுத்தார். நோயாளி கண்ணை மூடிக்கொண்டு, நீட்டிய விரலால் மருத்துவரின் விரலைத் தொட வேண்டும். கை எந்தப் பக்கம் விலகிப் போகிறது, ஒரு கை விலகுகிறதா, இரண்டுமா என்று பார்த்துச் சிறுமூளையின் நிலையைக் கணிப்பார். நோயாளியை உட்காரவைத்துச் சுழற்றிச் சட்டென்று நிறுத்தி விழிகளைப் பார்க்கும் சுழல்நாற்காலியும் அவர் பெயரால்தான் வழங்குகிறது. விமானிகளின் பயிற்சியில் இன்றளவும் அதற்கு இடம் உண்டு. குழந்தைகளின் தட்டாமாலை ஒரு மருத்துவக் கருவியானது! அரைவட்டக் கால்வாய்களைப் பற்றிய அவருடைய நூல் 1907இல் வெளிவந்தது. 1909இல் பல்கலைக்கழகத்தில் விரிவுரை நிகழ்த்தும் தகுதி பெற்றார். அதே ஆண்டு திருமணமும் நடந்தது.

1914இல் உலகப் போர் மூண்டது. விறைத்த காலைக் காட்டி வீட்டில் இருந்திருக்கலாம். ஆனால் பாரானி தாமே முன்வந்து ஆஸ்திரியப் படையின் மருத்துவராகச் சென்றார். நாட்டுப்பற்று மட்டும் அதற்குக் காரணமன்று. மூளையில் காயம்பட்ட வீரர்களைப் பார்த்துச் சிறுமூளையைப் பற்றி மேலும் அறியலாம் என்ற ஆவலும் இருந்தது. இதைக் குறை என்பதா, நிறை என்பதா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. காயம்பட்டவர்களுக்கு அதனால் நன்மையே விளைந்தது. குண்டுபட்ட மூளைக்காயங்களை உடனே தூய்மை செய்து மூடிவிடும் ஒரு முறையை அவர் அங்கே வகுத்து எழுதினார். அவர் இருந்தது பிரெமிசில் கோட்டை. ரஷ்யர் மாதக் கணக்கில் முற்றுகையிட்டனர். 1915 மார்ச் 22ஆம் நாள் கோட்டை வீழ்ந்தது. சிறைப்பட்ட ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோரில் பாரானியும் ஒருவர்.

கைதிகள் ரயிலேற்றப்பட்டனர். பாரானி கொண்டுபோய்ச் சேர்க்கப்பட்ட ஊர் மெர்வ். இன்றைய துர்க்மெனிஸ்தானில் இருக்கிறது. அங்கே மலேரியா அவரைப் பிடித்தது. என்றாலும் தொழில் கைவிடவில்லை. சக கைதிகளுக்கும் ரஷ்யர்களுக்கும் ஊர் மக்களுக்கும் மருத்துவம் பார்த்தார். ஊர்த் தலைவரின் குடும்பத்துக்கு அவர்தான் மருத்துவர். கைதி, இரவுதோறும் ஊர்த் தலைவர் வீட்டில் விருந்துண்டார்! இந்நிலையில்தான் 1914ஆம் ஆண்டுக்கென நிறுத்திவைத்திருந்த மருத்துவ நோபல் பரிசை 1915இல் அவருக்கு அளித்த செய்தி வந்தது. சுவீடன் நாட்டு இளவரசர் கார்ல், செஞ்சிலுவைச் சங்கத்தின் வாயிலாகத் தலையிட்டு, 1916இல் அவரை விடுவித்தார். அவ்வாண்டு ஸ்டாக்ஹோமில் சுவீடன் மன்னர் கையால் பரிசு பெற்றார். செப்டம்பரில் நிகழ்த்திய நோபல் சொற்பொழிவில் அந்த நோயாளி, அந்தச் செவிலி, அந்த வெந்நீர்க் கொதிகலன் எல்லாவற்றையும் ஒளிக்காமல் விவரித்தார்.

பிறந்த ஊர் அவரை எவ்வாறு வரவேற்றது? வியன்னாவின் சக மருத்துவர்கள் சிலர், பிறருடைய கண்டுபிடிப்புகளைப் பாரானி தம் நூல்களில் முழுமையாகக் குறிப்பிடவில்லை என்று குற்றம் சாட்டினர். மேலே நாம் பார்த்தபடி, அவருக்கு முன் பலர் வழி அமைத்தது உண்மையே. ஆனால் திசை மாறும் விழிநடுக்கத்துக்குக் காரணம் கண்டு, அதை ஒரு சோதனையாக்கி, நோயாளியின் படுக்கையருகே கொண்டுவந்தவர் அவர்தான். பூசல் முற்றியது. மனம் கசந்த பாரானி, 1917இல் சுவீடனின் உப்சாலாப் பல்கலைக்கழகம் விடுத்த அழைப்பை ஏற்றுக் குடும்பத்துடன் அங்கே சென்றுவிட்டார். வியன்னாவுக்கு இழப்பு, உப்சாலாவுக்கு வரவு. சிறைப்பட்ட காலத்தில் ஊர்த் தலைவர் வீட்டில் கிடைத்த மரியாதை சொந்த ஊரில் கிடைக்கவில்லையே என்று நமக்குத் தோன்றுகிறது.

உப்சாலாவில் 1921இல் அவர் எழுதிய ஒரு குறிப்பு, என் எண்ணத்தில், நோபல் பரிசு பெற்ற பணிக்குச் சற்றும் குறைந்ததன்று. 27 வயதுப் பெண் ஒருவருக்குப் பக்கவாட்டில் படுக்கும்போது மட்டும் கடுமையாகத் தலை சுற்றியது, விழிகள் நடுங்கின, சில நொடிகளில் அடங்கிவிட்டது. கோளாறு செவிக்கற்கள் இருக்கும் உறுப்பில்தான் என்று பாரானி கருதினார். 1952இல் இங்கிலாந்தின் டிக்ஸ், ஹால்பைக் இருவரும் இந்நோயைக் கண்டறியும் முறையைத் தெளிவாக வகுத்தனர்: நோயாளியை உட்காரவைத்து, தலையை ஒரு பக்கம் திருப்பி, விரைந்து மல்லாக்கச் சாய்த்து, கண்ணைப் பார்ப்பது. பையிலிருந்து கழன்ற சுண்ணாம்புத் துகள்கள் அரைவட்டக் கால்வாய்க்குள் புகுந்து உருள்வதே காரணம் என்பது பின்னால் தெளிவாயிற்று. அப்படியானால் தலையைப் படிப்படியாகத் திருப்பித் துகள்களை வந்த வழியே உருட்டி வெளியேற்றலாமே? அமெரிக்க மருத்துவர் எப்லி அதைச் செய்து, 1992இல் முறையாக வெளியிட்டார். மருந்தில்லை, கத்தியில்லை, சில நிமிட வேலை. பலருக்கு ஒரே தடவையில் குணமாகிறது.

இதை இவ்வளவு விரித்து எழுதக் காரணம் உண்டு. நம் திருப்பூரில், ராயபுரம் போன்ற பகுதிகளில், பனியன் கம்பெனி வேலைக்குப் போகும் தாய்மார்களிடம் கேட்டுப் பாருங்கள். ஓவர்லாக் மிஷினில் குனிந்து நிமிரும்போது கிறுகிறுத்தது, பரண்மேல் பாத்திரம் எடுக்க அண்ணாந்தபோது சுவர் சுழன்றது, விடியலில் எழுந்தபோது கட்டில் கவிழ்ந்தது என்பார்கள். பீஸ் ரேட்டில் தைப்பவருக்கு ஒரு நாள் படுக்கை என்றால் ஒரு நாள் கூலி இல்லை. ஆகவே மருந்துக் கடையில் தலைசுற்றல் மாத்திரை வாங்கி விழுங்கிவிட்டு வேலைக்குப் போகிறார்கள். மாதக் கணக்கில் இது தொடர்கிறது. மாத்திரை உணர்வை மந்தமாக்கும். உருளும் துகளை நகர்த்தாது. காது மருத்துவர் ஒருவர் அவர்களைப் படுக்கவைத்துக் கண்ணைப் பார்த்தால் போதும். தலைசுற்றல் எல்லாமே காதினால் வருவதன்று என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். பேச்சுக் குழறல், ஒன்று இரண்டாகத் தெரிதல், கை கால் சோர்தல், நிற்கவே முடியாமை ஆகியவற்றோடு திடீரென்று வந்தால் அது மூளையின் நோயாக இருக்கலாம். நேரம் கடத்தாமல் பெரிய மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

பாரானியின் வெந்நீர் விளக்கத்துக்கு ஒரு சோதனை விண்வெளியில் காத்திருந்தது. எடையற்ற நிலையில் சூடான நீர் மேலெழாது. மேல் என்பதே அங்கே கிடையாது. எனவே அவர் சொன்னது முழுதும் சரியானால் அங்கே விழிநடுக்கம் வரக்கூடாது. 1983ஆம் ஆண்டு இறுதியில் கொலம்பியா விண்கலத்தில் சென்ற ஸ்பேஸ்லாப் ஆய்வுக்கூடத்தில் வீரர்களின் காதுகளைச் சூடாக்கியும் குளிரவைத்தும் பார்த்தார்கள். விழிநடுக்கம் வந்தது! பூமியில் நீரின் ஓட்டமே பெரும்பங்கு வகித்தாலும், வேறு காரணங்களும் உடன் இருக்கின்றன என்று அதிலிருந்து தெரிந்தது. விளக்கத்தில் திருத்தம் வந்தது; சோதனை நிலைத்து நிற்கிறது. 1960இல் அவர் பெயரால் தொடங்கிய பாரானிக் கழகம்தான் இன்று தலைசுற்றல் நோய்களுக்கு உலகப் பொதுவான இலக்கணம் வகுத்துத் தருகிறது.

உப்சாலாவில் பாரானி 1926இல் முழுப் பேராசிரியரானார். மக்கள் மூவரும் மருத்துவத் துறையில் புகுந்தனர்: ஒரு மகன் உப்சாலாவிலேயே மருந்தியல் பேராசிரியர், மற்றொருவர் ஸ்டாக்ஹோமில் உள்நோய் மருத்துவப் பேராசிரியர், மகள் மனநோய் மருத்துவராகி அமெரிக்கா சென்றார். கடைசி ஆண்டுகளில் பாரானியைப் பக்கவாதம் தாக்கியது. உடலின் ஒரு பகுதி செயலிழந்த நிலையிலும் தசைவாதம் பற்றி ஒரு நூல் எழுதிக்கொண்டிருந்தார். 1936 ஏப்ரல் 8ஆம் நாள் உயிர் பிரிந்தது. அறுபது வயது நிறைய இன்னும் 14 நாட்கள் இருந்தன.